டெல்டாவிலிருந்து பனிப்பாலைக்கு: வாசகர் கேள்விகள்

போன இதழில் லடாக், இமாச்சலின் ஸ்பிதி பக்கம் சொந்த வண்டியில் போவது பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் பாதி டெல்டா வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்திவிட்டது போலிருக்கிறது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு மிச்சத்துக்குப் பதில் சொல்கிறேன். "எந்த வண்டி வாங்கலாம்" என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

சார், புது மஹிந்திரா தார் ஜீப் எடுத்திருக்கிறேன். நாங்கள் மூன்று நண்பர்கள். 12 நாள் லீவு. மன்னார்குடியிலிருந்து கிளம்பி மணாலி, லே, உம்லிங் லா, திரும்பும்போது ஸ்பிதி. ரூட் மேப் போட்டுத் தர முடியுமா?
- அரிசி ஆலை வைத்திருப்பவர், மன்னார்குடி

மேப் போடும் முன் கணக்குப் போடுவோம் தம்பி. மன்னார்குடியிலிருந்து மணாலிக்குப் போக மட்டுமே ஏறக்குறைய 3,000 கி.மீ. ஒரு நாளைக்கு 600 என்று விடாமல் ஓட்டினால் ஐந்து நாள், திரும்பிவர ஐந்து நாள். மிச்சம் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் மணாலியில் மால் ரோட்டில் டீ குடிக்கலாம், ஒரு சால்வை வாங்கலாம், அவ்வளவுதான். மணாலியிலிருந்து லே இன்னும் 430 கி.மீ. சொச்சம், உம்லிங் லாவோ (லா என்றால் கணவாய்) 5,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பை அங்கே நாலு நாளில் கொண்டுபோய் நிறுத்துவது வீரம் இல்லை.

இந்த மாதிரிப் பயணத்தில் ஆள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வண்டியால் இல்லை, நாள் பற்றாக்குறையால்தான். மண் சரிந்து ரோடு மூடியிருக்கும், "நாளைக் காலையில் திறப்பார்கள்" என்பார்கள், உங்களுக்கோ நாளை மறுநாள் ஆலையில் நெல் லோடு இறங்கும், உடனே யாரோ காட்டும் குறுக்கு வழியில் வண்டியை விடுவீர்கள். நான் கேள்விப்பட்ட விபத்துக் கதைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதனால் மலைக்குள் இருக்கும் ஒவ்வொரு ஐந்து நாளுக்கும் ஒரு நாளை ஒன்றும் எழுதாமல் காலியாக விடுங்கள். அந்த நாள் மிஞ்சினால் படுத்துத் தூங்குங்கள், தப்பில்லை.

12 நாள்தான் என்றால் ஒரு வழி இருக்கிறது. வண்டியைக் கார் ஏற்றிப்போகும் லாரியில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் ரயிலிலோ விமானத்திலோ போய்ச் சேருங்கள். லடாக்கையும் உம்லிங் லாவையும் மறந்துவிட்டு ஸ்பிதி மட்டும் வையுங்கள். சிம்லா, நார்கண்டா, கல்பா, நாக்கோ, தாபோ, காசா என்று முதலில் சட்லெஜ், அப்புறம் ஸ்பிதி ஆறு என்று ஆற்றோரமாகவே ஏறும் வழி. கல்பா 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, காசா 3,600-க்கு மேலே. உடம்பு படிப்படியாகப் பழகும். குன்சும் லா திறந்திருந்தால் அந்தப் பக்கம் இறங்கி அடல் சுரங்கம் வழியாக மணாலி. மூடியிருந்தால் வந்த வழியே திரும்புங்கள், வருத்தப்படாமல். வடக்கே போய் வாடகைக்கு செல்ஃப் டிரைவ் எடுத்து லடாக் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், வெளியூர் வாடகை வண்டிகளை அங்கே உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் விடுவதில்லை.

இன்னொன்று. உங்கள் தார் ஃபோர் வீல் டிரைவா, ரியர் வீல் டிரைவா? கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இல்லையென்றால் இரண்டாவது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், மணலில் இருக்காது.

அண்ணே, நான் சின்ன வயசிலிருந்து டிராக்டர் ஓட்டுகிறேன். கேஜ் வீல் போட்டு சேறடித்த கை. மழைக்காலத்தில் படுகை ரோட்டில் ஜீப்பும் ஓட்டுவேன். மலையில் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
- விவசாயி, திருவையாறு

பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சக்கரம் வழுக்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்துக் குழி பறிக்காமல் காலை எடுக்கிற பழக்கம் டவுன்காரருக்கு வர வருஷக்கணக்காகும், உங்களுக்கு வந்திருக்கும். ஆனால் நம் ஊரில் இல்லாத ஒன்று சரிவு. கொள்ளிடக் கரையில் ஏறி இறங்குவதுதான் நமக்கு மலை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, கருகிய வாசனை வந்து, அப்புறம் மிதித்தால் பிடிக்காது. எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள், கரடுமுரடாக இருந்தால் லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் ஃபோர் வீல் கியர்). எதிரில் மேலேறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விடவேண்டும், சட்டமே அப்படித்தான். கிளம்பும் முன் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் முழு லோடோடு ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள்.

தண்ணீர் விஷயம் நேர்மாறு. நம் வாய்க்காலில் காலையில் முறை விட்டால் மாலையிலும் அதே மட்டம்தான் ஓடும். அங்கே ரோட்டுக்குக் குறுக்கே வரும் ஓடைகள், நாலா என்பார்கள், பனி உருகி வரும் தண்ணீர். ராத்திரி உறைந்துகிடக்கும், வெயில் ஏற ஏற உருகி, பிற்பகலில் முட்டி அளவு இருந்தது தொடை அளவாகும். அதனால் நாலா தாண்டும் நாளில் விடியற்காலையில் கிளம்பிவிடவேண்டும். பத்து மணிக்கு நிதானமாகப் பூரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற கோஷ்டிதான் மூன்று மணிக்கு நடு ஓடையில் நிற்கும். சாயங்காலம் போய்ச் சேர்ந்து தண்ணீர் அதிகமாக இருந்தால் அந்தக் கரையிலேயே படுங்கள், காலையில் வடிந்திருக்கும்.

இறங்கும் முன் ஒருவர் கம்பு ஊன்றி நடந்து பார்க்கவேண்டும், முட்டிக்கு மேல் வேகமாக இழுத்தால் ஆளும் இறங்கக் கூடாது. அடியில் சேறு இருக்காது, உருண்டைக் கல் இருக்கும், சில சமயம் பூசணி சைஸில். தண்ணீர் கலங்கலாக ஓடினால் கல் கண்ணுக்குத் தெரியாது, மேலே அலை எழும்பிச் சுருளும் இடத்தை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். முதல் கியர், லோ ரேஞ்ச், நடுவில் கிளட்சைத் தொடாதீர்கள், ஒரே சீராக ஓட்டுங்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் உங்கள் வண்டியில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை இங்கேயே பானெட்டைத் திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் ஒருமுறைகூட செல்ஃப் அடிக்காதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

டிராக்டரை இழுக்க நாம் இரும்புச் சங்கிலி போடுவோம் இல்லையா, அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அறுந்தால் தலைக்கு வரும். வண்டி இழுக்கவென்றே விற்கும் நைலான் கயிறு, அதற்கேற்ற ஷேக்கிள் (கயிறை மாட்டும் இரும்பு வளையம்). சேஸிஸில் இதற்கென்று வைத்திருக்கும் கொக்கியில்தான் மாட்டவேண்டும், பம்பரில் இல்லை. இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, செல்போனில் வீடியோ எடுக்கும் தம்பியும் சேர்த்துத்தான்.

டயரில் எவ்வளவு காற்று வைக்கவேண்டும்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
- பஞ்சர் கடைக்காரர் மகன், மயிலாடுதுறை

ஆளுக்கொன்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை, இடத்துக்கு ஒன்றுதான். தார் ரோட்டில் கம்பெனி சொன்னது, பெரும்பாலும் 32, 33 பிஎஸ்ஐ. கல் ரோட்டில் மெதுவாகப் போகும்போது 25 பக்கம் இறக்கினால் டயர் கல்லைக் கவ்வும், முதுகும் பிழைக்கும். மணலில் 15 முதல் 18 வரை. அதற்கும் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இறக்கிய காற்றைத் தார் ரோடு வந்ததும் திரும்ப ஏற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆகவே காற்று இறக்குகிறவர் கையில் பேட்டரியில் ஓடும் பம்ப்பும் ஒரு நல்ல கேஜும் இருக்கவேண்டும்.

மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் தானாகக் கூடக் காட்டும். குளிரைச் சேர்க்காமல் பார்த்தால் 5,000 மீட்டரில் 6, 7 பிஎஸ்ஐ கூடும். வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கு பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதும் இதனால்தான். ஆனால் நம் ஊர் 35 டிகிரியில் அடைத்த காற்று அங்கே சைபர் டிகிரிக்கு வரும்போது கிட்டத்தட்ட அதே அளவு சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று நம்பி விட்டுவிடாமல், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது தினமும் பாருங்கள். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: டயரின் பக்கவாட்டில் கல் கிழித்தால் பஞ்சர் கிட் உதவாது. ஸ்டெப்னி இரண்டு.

என் அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு, கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. லடாக் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. காரில் கூட்டிப்போகலாமா?
- ஆசிரியை, கும்பகோணம்

வயது அவ்வளவு பெரிய தடை இல்லை அம்மா. 25 வயதில் ஜிம்முக்குப் போகிற பையன் படுத்துவிடுவான், 60 வயதுக்காரர் நன்றாக நடமாடுவார். காற்று குறைந்த உயரத்தில் வரும் மலை நோய் யாரைப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதலில் அவருடைய டாக்டரைப் பாருங்கள், "மலைக்குப் போகிறோம்" என்று பொதுவாகச் சொல்லாமல், "லே 3,500 மீட்டர், ஒரு நாள் 5,300 மீட்டர் கணவாய் தாண்டுவோம்" என்று உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். லேயில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, கர்துங் லா மேல் பாதிதான். மலை நோய் வராமல் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா, எந்த அளவு என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும், சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். இன்சுலின் போடுபவரானால் மருந்து உறையக் கூடாது. ராத்திரி வண்டியில் விடாமல் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

லே போய்ச் சேர்ந்ததும் இரண்டு முழு நாள் அறையில் ஓய்வு. கடைத்தெரு, கோயில் என்று கிளம்பிவிடுவார், பிடித்து உட்கார வைக்கவேண்டியது உங்கள் வேலை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பகலில் கணவாய் ஏறி இறங்கலாம், தூங்குவது தாழ்வாக இருக்கட்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் முதல் நாளில் நிறையப் பேருக்கு வரும், அதோடு மேலே ஏறாமல் அங்கேயே நின்றால் பெரும்பாலும் சரியாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் அது ராத்திரி 2 மணியாக இருந்தாலும் கீழே இறக்கவேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. லேயில் எஸ்என்எம் அரசு மருத்துவமனை இருக்கிறது, இந்த நோய் அவர்களுக்கு அன்றாடம் பார்ப்பது.

மணாலி வழியாக ஏறவேண்டாம், அந்த வழியில் ராத்திரி தங்கும் சர்ச்சு, பாங் எல்லாம் லேயைவிட உயரம். ஸ்ரீநகர், கார்கில் வழியாகப் போங்கள். அப்பாவுக்கு அதுதான் நல்லது, வழியும் அழகு.

அங்கே நம் பொன்னி அரிசி வேகுமா?
- திருவாரூரிலிருந்து, பெயர் எழுதாத ஒருவர்

குக்கரில் வேகும், பானையில் வேகாது. 5,000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் சூடு போதாது. குக்கர், அவல், ரசப்பொடி, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், அதற்குமேல் வண்டியில் தொடாமல் வைக்க ஒரு 20 லிட்டர் கேன். பாலை என்பதால் வியர்ப்பது தெரியாது, உதடு வெடிக்கும்போதுதான் தெரியும்.

ரேடியேட்டரிலும் வெறும் தண்ணீர் வேண்டாம். நம் ஊரில் பல வண்டிகளில் குழாய்த் தண்ணீர்தான் ஓடுகிறது. அங்கே ராத்திரி உறைந்தால் ரேடியேட்டர் பிளந்துவிடும். கூலண்டும் சுத்தத் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றினால் மைனஸ் 35 வரை கவலை இல்லை.

மாருதி ஜிம்னி வைத்திருக்கிறேன். லேயிலிருந்து ஹான்லே, உம்லிங் லா போய்த் திரும்ப பெட்ரோல் எவ்வளவு கொண்டுபோகவேண்டும்?
- தென்னை வியாபாரி, பட்டுக்கோட்டை

லேயிலிருந்து ஹான்லே சுமார் 250 கி.மீ. அங்கிருந்து உம்லிங் லா போய்வர சுமார் 150. மொத்தம் 650. பட்டுக்கோட்டையில் லிட்டருக்கு 15, 16 கொடுக்கும் வண்டி அங்கே 10 கொடுத்தால் நிம்மதி. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 5,000 மீட்டரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பலத்தை இழந்துவிடும், முதல், இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு ஏறும். 65 லிட்டர் தேவை, வழி தவறினால், திரும்பிவர நேர்ந்தால் என்று அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 78. உங்கள் டேங்க் 40. இருபது லிட்டர் இரும்பு ஜெரிகேன் இரண்டு, தலைக்கு 18 மட்டும் நிரப்புங்கள், உயரத்தில் ஆவி உப்பும், மூடியையும் மெதுவாகத் திறக்கவேண்டும். கிட்டத்தட்ட சரியாக வருகிறது. கேன் வண்டிக்கு வெளியே, கேரியரில் கட்டவேண்டும், பின் சீட்டில் வைத்தால் வாசனையிலேயே எல்லோருக்கும் தலைவலி வந்து அதை மலை நோய் என்று நினைத்துக்கொள்வீர்கள். நடுவில் எங்காவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கேனைக் குறைக்காதீர்கள். மணாலி - லே வழியில் தாண்டி என்ற ஊரின் பம்ப்பில் "அடுத்த பம்ப் 365 கி.மீ." என்று பலகையே வைத்திருந்தார்கள், ஊர் முழுக்க அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு: கோடையில் பிரச்சினை இல்லை. குளிர்காலத்தில் சாதா டீசல் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும், அங்கே குளிர்கால டீசல் என்று தனியாக விற்கிறார்கள், அதைப் போடவேண்டும்.

குறுவையும் சம்பாவும் போடுகிறேன். மேட்டூர் திறக்கும் முன் மே மாதம் போய்வந்துவிடலாமா?
- பாபநாசம் வாசகர்

மேயில் ஸ்பிதிக்கு சிம்லா வழியாகப் போய் அதே வழியில் திரும்பலாம், குன்சும் லா பெரும்பாலும் ஜூனில்தான் திறக்கும். ஸ்ரீநகர் - லே ரோடும் மேயில் பொதுவாகத் திறந்திருக்கும். மணாலி - லே வழியில் பாரலாச்சா லாவில் அப்போது இரண்டு பக்கமும் பனிச்சுவர்தான். நடவு முடிந்த ஜூலை, ஆகஸ்டில் கை ஓய்ந்திருக்கும், ஆனால் அப்போது இமாச்சலில் மழை; 2023 ஜூலையில் பியாஸ் பெருகி மணாலி ரோட்டையே பல இடத்தில் அள்ளிக்கொண்டு போனது. மழை அதிகம் பெய்யாத லேயிலேயே 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எல்லாவற்றிலும் நல்ல மாதம் செப்டம்பர். ஆனால் குறுவை அறுவடையை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் எழுதினால் உங்கள் வீட்டம்மா அடுத்த கடிதம் எனக்குப் போடுவார். மே கடைசி, ஜூன் முதல் வாரம், ஸ்பிதி. அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டு போகலாமா?
- நாகப்பட்டினம் வாசகர்

கூடாது. அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கிவந்து கொடுத்தாலும் அப்படித்தான். லடாக்கில் நம் ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதுவும் பாதி வழியில் இருக்காது. இன்றைக்கு எந்த வழி, எந்த ஊரில் தங்கல், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிடவேண்டும் என்பதைத் தினமும் கிளம்பும் முன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மேப்பை இறக்கி வைத்துக்கொள்வது இருக்கட்டும், காகித மேப் ஒன்றும் வேண்டும்.

என் மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறான். போட்டோ பார்த்தாலே வயிறு கலங்குகிறது. ஆபத்து இல்லையா?
- ஒரு தாய், கூத்தாநல்லூர்

ஓமனின் ஹஜர் மலைத்தொடர் அம்மா அது. ஜெபல் ஷம்ஸ் சிகரமே 3,000 மீட்டர் அளவில்தான் இருக்கும், மூச்சுத் திணறல் பயம் பெரிதாக இல்லை. அங்கே பயப்படவேண்டியது மழைக்கு. வாதி என்கிற காய்ந்த ஆற்றுப்படுகையிலேதான் பாதை போகும், தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், எங்கோ மலையுச்சியில் பெய்த மழை நிமிஷத்தில் சுவர் மாதிரி வந்துவிடும். நம் காவிரியில் தண்ணீர் திறந்தால் முன்கூட்டியே தண்டோரா போடுவார்கள், அங்கே போட ஆளில்லை. 2024 ஏப்ரல் வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியே அடித்துப்போனது. ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது அந்த நாட்டில் தண்டனைக்குரிய குற்றம்.

மகனிடம் இதைக் கேளுங்கள்: வானிலை எச்சரிக்கை பார்த்துவிட்டுக் கிளம்புகிறானா, வாதிக்குள் கூடாரம் போடுகிறானா, இன்ஷூரன்ஸில் ஆஃப்ரோடு சேர்த்திருக்கிறானா, இரண்டு வண்டியாகப் போகிறார்களா, கோடையிலும் போகிறானா. அக்டோபர் முதல் மார்ச் வரைதான் சரி. ஜெபல் அக்தர் பக்கம் போலீஸ் செக்போஸ்டில் ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த அளவுக்கு அங்கே ஒழுங்கு உண்டு. ஆபத்துக்கு அழைக்கும் எண் 9999. இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னால் போகட்டும், விடுங்கள்.

பாங்காங் ஏரித் தண்ணீரில் காரை விட்டு ரீல்ஸ் எடுக்கிறார்களே, நாமும் எடுக்கலாமா?
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

எடுக்கக் கூடாது, வழக்குப் போடுவார்கள், போடவும் வேண்டும். அந்த ஏரி இருக்கும் சாங்தாங் பீடபூமியில் பாதையை விட்டு இறங்கினாலே கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டும் சதுப்பு நிலம், அதில் பதிந்த டயர் தடம் வருஷக்கணக்கில் போகாது. ஓட்டிப் பழக வேளாங்கண்ணி, கோடியக்கரைக் கடற்கரையும் வேண்டாம், கடலாமை முட்டையிடும் இடம். கோடையில் தெரிந்தவர் தரிசு வயலைக் கேட்டு வாங்கிப் பழகு.

ஒரே வண்டியில் தனியாகப் போகலாமா?
- திருத்துறைப்பூண்டி வாசகர்

மணாலி - லே, ஸ்ரீநகர் - லே, சிம்லா - காசா இந்த மூன்றிலும் போகலாம். சீசனில் ராணுவ லாரி, சரக்கு லாரி, ரோடு போடும் ஆட்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், நின்றால் நிறுத்திக் கேட்பார்கள். அந்த ரோட்டை விட்டு ஏரிக்கரை, ஒற்றைத் தடம் என்று பிரிவதானால் இரண்டு வண்டி வேண்டும். இரண்டாவது வண்டி கிடைக்கவில்லையா, அன்றைக்குப் பெரிய ரோட்டிலேயே இருங்கள்.